ஊசி முனையில் ஒரு தேசம்

மைசூர் அருகே குடியேறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் திபெத்தியர்கள் கைவிடாத கலை, துணியில் உருவாகும் தங்கா. இனி அதைத் தைக்கப்போவது யார்?

தூரிகை கிடையாது, வர்ணம் கிடையாது. குதிரை வால் முடியின் மீது பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி மெல்லிய கயிறாக்குகிறார்கள். உருவத்தின் கோடுகள் நெடுக அதை வைத்துத் தைக்கிறார்கள். பிறகு பட்டுத் துண்டுகளை வெட்டி, ஓரம் மடித்து, ஒன்றன் மீது ஒன்றாகப் பொருத்துகிறார்கள். முகம், தாமரை, மேகம் எல்லாமே துணிதான். தங்கா எனப்படும் திபெத்திய சுருள் ஓவியங்களில் பெரும்பாலானவை வரையப்படுபவை. இந்த வகை மட்டும் தைக்கப்படுவது. கட்டடச் சுவரையே மறைக்கும் ராட்சத தங்காக்களுக்கு இதுதான் ஏற்றது. சுருட்டினால் வர்ணம் உதிரும், துணி தாங்கும்.

1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவிலிருந்து தப்பி இந்தியா வந்தார். பின்தொடர்ந்து வந்த அகதிகளுக்கு அன்றைய மைசூர் அரசு பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1960 இறுதியில் குடியேற்றம் தொடங்கியது. பனிக்காற்றில் வளர்ந்தவர்களுக்குக் கிடைத்தது காடு, வெயில், காய்ச்சல், யானைகள். காட்டைத் திருத்தி மக்காச்சோளம் பயிரிட்டார்கள். கனத்த கம்பளி 'சுபா' அங்கி இந்த வெயிலுக்கு ஒத்துவரவில்லை. மெல்லிய துணிக்கு மாறியது.

மடாலயங்களும் இங்கே மறுபிறவி எடுத்தன. 1963இல் பெனோர் ரின்போச்சே நாம்ட்ரோலிங்கைத் தொடங்கினார். 1970இல் லாசாவின் செரா மடாலயம் பைலகுப்பேயில் மீண்டும் எழுந்தது. மடாலயம் என்றால் தையல்காரருக்கு ஓய்வில்லை. துறவிகளின் அங்கிகள், தூண்களில் தொங்கும் பட்டுக் குழல்கள், முகமூடி நடனத்துக்கான உடைகள் எல்லாம் தேவை. இவற்றுக்கான 'கியாசர்' ஜரிகைப் பட்டு பனாரஸிலிருந்து வருகிறது. பெரும்பாலும் முஸ்லிம் நெசவாளர்கள் நெய்யும் பட்டு, பௌத்த பீடங்களை அலங்கரிக்கிறது. இந்த வியாபாரம் அகதிகள் வருவதற்கு வெகு முன்பே இருந்தது.

வயிற்றுப்பாட்டுக்கும் ஊசிதான் கைகொடுத்தது. நிலம் பொய்த்தபோது குடும்பங்கள் ஸ்வெட்டர் வியாபாரத்தில் இறங்கின. ஆரம்பத்தில் கையால் பின்னியவை. பின்னாளில் லூதியானாவில் கொள்முதல் செய்தவை. குளிர்காலத்தில் இந்திய நகரங்களின் நடைபாதைகளிலும், ஊட்டியின் திபெத்திய மார்க்கெட்டிலும் தமிழர்கள் பேரம் பேசி வாங்குவது இந்த வியாபாரத்தின் மிச்சத்தைத்தான்.

கலை தொடர்ந்ததற்குக் காரணம் சில பெரியவர்கள். 13ஆம், 14ஆம் தலாய் லாமாக்கள் இருவருக்கும் தையல்காரராக இருந்த கியேட்டன் நம்கியால், அகதியாக வந்து தர்மசாலாவில் தொழிலைத் தொடர்ந்தார். தன் நினைவுகளையும் பதிவு செய்தார். 1988இல் நிறுவப்பட்ட நோர்புலிங்கா கல்வி நிலையம் தங்கா தையலுக்குத் தனிக்கூடமே வைத்தது. 1990களில் தர்மசாலா வந்த அமெரிக்கப் பெண் லெஸ்லி ரின்சென் வாங்மோ, திபெத்தியர்களிடம் இக்கலையைக் கற்றார். அந்த இந்திய ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்து 2022இல் புத்தகமும் எழுதினார். அவருக்கு இந்தியா அந்நிய நாடு. அவருக்குக் கற்பித்தவர்களுக்கும் அப்படியே. இரு தரப்பையும் இணைத்தது ஒரு தையல்.

வாரிசுகள்தான் பிரச்னை. 2008க்குப் பிறகு திபெத்திலிருந்து வருபவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. இங்கே பிறந்த இளைஞர்கள் பெங்களூருக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதக்கணக்கில் குனிந்து தைத்துக் கிடைப்பதை வெளிநாட்டில் சில நாட்களில் சம்பாதிக்கலாம்.

லோசர் புத்தாண்டையொட்டி நாம்ட்ரோலிங்கில் ராட்சத தங்கா விரிக்கப்படும்போது கூட்டம் அலைமோதுகிறது. பார்க்க ஆளிருக்கிறது. பட்டு பனாரஸிலிருந்து வந்துவிடும். தைக்கும் கைகள்தான் கனடா போய்க்கொண்டிருக்கின்றன.