விமானம் ஏறி மாஸ்கோ போன பியானோ – தெரியுமா?

வீணை வித்வான் வெளியூர்க் கச்சேரிக்கு வீணையோடு போவார். வயலின்காரர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். பியானோ வாசிப்பவர்? வெறுங்கையோடுதான். போகிற ஊர் அரங்கத்தில் எந்தப் பியானோ கிடக்கிறதோ, அதுதான் அன்றைக்கு அவர் தலையெழுத்து. ஆனால் 1986இல் 82 வயதுப் பெரியவர் ஒருவர், நியூயார்க்கில் தன் வீட்டு மாடியில் இருந்த ஸ்டைன்வே பியானோவைக் கிரேனில் கட்டி இறக்கி, விமானத்தில் ஏற்றி மாஸ்கோவுக்கே கொண்டுபோனார், தெரியுமா? கிட்டத்தட்ட 9 அடி நீளம், ஏறக்குறைய 480 கிலோ எடை!

அவர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ். அந்த மாஸ்கோ கச்சேரி முழுவதும் படமாக்கப்பட்டிருக்கிறது. எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு எனக்கு எப்போதோ தப்பிவிட்டது. மேற்கத்திய சங்கீதம் ஒரு ஸ்வரம்கூடத் தெரியாதவர்களையும் பிடித்து உட்கார வைத்துக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் பாதியில் எழுந்து போனதில்லை.

பியானோவோடு ஃப்ரான்ஸ் மோர் என்ற சுருதி சேர்ப்பவரும் கூடவே போனார். நாம் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் தலை வைத்த சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டுகிறது. அந்தக் கம்பளி கொஞ்சம் இறுகினால் நாதம் பளீரென்று வரும், இளகினால் மங்கும். கட்டை எவ்வளவு அழுத்தத்தில் இறங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் மேலே வர வேண்டும் என்பதையும் சரிசெய்யலாம். ஹோரோவிட்ஸின் பியானோவில் கட்டைகள் லேசாக இறங்கும், விரலை எடுத்ததும் துள்ளி எழும். அவர் விரலுக்கென்றே பதப்படுத்திய வாத்தியம். அதை விட்டுவிட்டு எப்படிப் போவார்?

அவர் பிறந்தது 1903இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த கீவ் நகரத்தில். ஆனால் பல பழைய புத்தகங்களில் 1904 என்று இருக்கும். ஏன் தெரியுமா? பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனால் கை கெட்டுவிடுமே என்று அப்பாவே ஒரு வருஷத்தைக் குறைத்து எழுதிவிட்டார்! அந்த அப்பாவின் கதை நெஞ்சை அறுக்கும். 1925இல் மேல்படிப்பு என்று சொல்லி சோவியத் நாட்டை விட்டுப் போன மகன் பல வருஷம் திரும்பவே இல்லை. 1930களில் அப்பா ஒருமுறை வெளிநாடு போய் மகனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். பிறகு கைதாகி, சிறை முகாமிலேயே இறந்துபோனார். அக்கா ரெஜினாவும் பியானோக் கலைஞர்தான், கார்கீவில் இருந்தார். தம்பி 61 வருஷம் கழித்து நாடு திரும்புவதற்கு இரண்டே வருஷம் முன்னால், 1984இல், அவரும் கண்ணை மூடிவிட்டார்.

இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். கழுத்தில் போ டை கட்டிய ஒல்லியான தாத்தா மேடைக்கு வருகிறார். முகமெல்லாம் சிரிப்பு.

1986 ஏப்ரல் 20, மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கம். பொதுமக்களுக்குக் கிடைத்த டிக்கெட் கொஞ்சம்தான். டிக்கெட் இல்லாத சங்கீத மாணவர்கள் சும்மா இருப்பார்களா? காவலைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, மாடிக்கு ஓடி, படிகளிலும் சந்துகளிலும் நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள்! அவர்களுடைய ஆசிரியர்களுக்கே ஹோரோவிட்ஸ் என்பவர் பழைய ரெக்கார்டில் கேட்ட பெயர். அது உயிரோடு நடந்து வருகிறதென்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்?

இன்னொன்று கவனித்தீர்களா? அந்த ஏப்ரல் 20 ஞாயிற்றுக்கிழமை. பிற்காலத்தில் ஹோரோவிட்ஸ் கச்சேரி என்றால் ஞாயிறு மாலை 4 மணிதான்! 1978 பிப்ரவரி 26இல் வெள்ளை மாளிகையில் அதிபர் கார்ட்டர் முன்னிலையில் வாசித்ததும் படமாக இருக்கிறது, அதுவும் ஞாயிறு. அங்கே எதிரொலி அதிகம் என்று ஹோரோவிட்ஸ் குறைப்பட்டுக்கொள்ள, அதிபரே கை கொடுத்துத் தரைவிரிப்புகளை இழுத்துப் போட்டாராம். அதே வருஷம் செப்டம்பர் 24இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோ (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. வாத்தியக் குழுவை நடத்தியவர் யார் தெரியுமா? நம் பம்பாயில் பிறந்த ஸூபின் மேத்தா! அந்த நாளும் ஞாயிறு. வியன்னாவில் அவர் கச்சேரி 1987 மே 31, அதுவும் ஞாயிறு. கடைசியில் 1989 நவம்பர் 5இல் அவர் உயிர் பிரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கு நான்கு நாள் முன்புவரை ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்தார். அப்போது வயது 86.

சரி, கைகளுக்கு வருவோம். இந்தப் படங்கள் மட்டும் இல்லையென்றால் அந்தக் கைகளின் ரகசியம் அரங்கத்தில் இடது பக்கம் உட்கார்ந்த நூறு பேருக்குத்தான் தெரிந்திருக்கும். பியானோ கற்கப் போனால் முதல் நாளே டீச்சர் என்ன சொல்வார்? உள்ளங்கைக்குள் ஒரு ஆரஞ்சுப் பழம் இருப்பதுபோல விரலை வளைத்து வை என்பார். ஹோரோவிட்ஸோ விரல்களை நீட்டிக் கட்டைமேல் தட்டையாகப் படுக்க வைத்து வாசிக்கிறார்! மணிக்கட்டு கட்டைக்குக் கீழே தொங்குகிறது. வலது சுண்டுவிரல் மட்டும் உள்ளுக்குள் சுருண்டு கிடக்கும். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் தேவைப்படும்போது சட்டென்று நீண்டு ஒரே கொத்து. மறுபடி சுருண்டுவிடும். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் எட்யூட் (பயிற்சி உருப்படி) ஒன்றில் மொத்தப் பியானோவும் இடி மாதிரி முழங்குகிறது. அப்போது அவர் முகத்தைப் பாருங்கள், தோளைப் பாருங்கள். ஆட்டம் இல்லை, தலையை உதறுவது இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இடி எங்கிருந்து வருகிறது? படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். முழங்கைக்குக் கீழே இருப்பது மட்டும்தான் வேலை செய்கிறது.

ஹோரோவிட்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது அதே ஸ்க்ரியாபின் அவருடைய வாசிப்பைக் கேட்டிருக்கிறார், தெரியுமா? முதல் உலகப் போர் சமயம், கீவில், பையனுக்குப் பத்துப் பதினோரு வயது. ஸ்க்ரியாபின் 1915இல் இறந்துவிட்டார். எழுபது வருஷம் கழித்து அந்தப் பையன் மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் வாழ்ந்த வீட்டுக்குப் போய், அவருடைய பியானோவிலேயே உட்கார்ந்து வாசித்தார்.

வயதானவர்களின் கச்சேரிப் படங்களில் இன்னும் பொக்கிஷங்கள் உண்டு. 1975இல் பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன், 88 வயதில், ஆந்த்ரே ப்ரெவின் நடத்திய லண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவோடு மூன்று கான்செர்ட்டோக்களைப் படத்துக்காக வாசித்துக் கொடுத்தார். நடுப்பார்வை போய், எதிரே இருப்பது சரியாகத் தெரியாத கண்கள்! கைக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஆனால் என் மனசு மாஸ்கோவுக்கேதான் திரும்பும். அதற்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 27, லெனின்கிராடில் கச்சேரி. முந்தைய நாள் விடியுமுன் செர்னோபில் அணுஉலை வெடித்திருந்தது, அவர் பிறந்த கீவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில். சோவியத் அரசு வாயைத் திறந்தது 28ஆம் தேதிதான். அன்றைய அரங்கத்தில் மக்கள் ஒன்றும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மாஸ்கோவில் பட்டியல் முடிந்தபின் துக்கடாக்கள். அதில் ஒன்று இசையமைப்பாளர் ஷூமன் 1838இல் எழுதிய 'ட்ராய்மெராய்'. குழந்தைப் பருவத்தை நினைத்து எழுதிய 13 சின்ன உருப்படிகளில் ஏழாவது. பெயருக்கு 'கனவு காணல்' என்று அர்த்தம். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். பியானோ கற்கும் பிள்ளைகளே வாசித்துவிடக்கூடியது. நாலு ஸ்வரம் மேலே ஏறிப்போய், கொஞ்சம் நின்று, தயங்கித் தயங்கி இறங்கிவரும். ஹோரோவிட்ஸ் அந்த நிற்கிற இடத்தில் கூட ஒரு மூச்சு நிற்கிறார். அவ்வளவுதான் செய்கிறார்.

அந்த மெட்டு அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன என்று தெரியுமா? ஸ்டாலின்கிராட் போரில் செத்தவர்களுக்காக அதே நகரத்தின், இன்றைய வோல்கோகிராடின், மாமாயெவ் குன்றில் கட்டியிருக்கும் நினைவு மண்டபத்தில், வீரர்களின் பெயர்கள் பொறித்த சுவர்களுக்கு நடுவே, அணையா விளக்கின் பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருப்பது இதே ட்ராய்மெராய்தான்! ஒரு ஜெர்மன்காரர் எழுதிய மெட்டு, ஜெர்மனியோடு போரிட்டுச் செத்தவர்களுக்கு.

படத்தை இயக்கிய ப்ரையன் லார்ஜ் அந்த மூன்று நிமிடத்தில் கேமராவை ஜனங்கள் பக்கம் திருப்புகிறார். நடு வயது தாண்டிய ஒரு மனிதர். முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. ஒரே ஒரு சொட்டு மட்டும் கன்னத்தில் மெதுவாக இறங்குகிறது.