உலோகத்துள் உறையும் விசை

உலோகத்தை உருக்கி வார்ப்பதும், காய்ச்சி அடிப்பதும் தொன்றுதொட்டு வரும் தொழில்கள். அவற்றோடு இக்காலத்தில் மற்றொரு முறையும் சேர்ந்துள்ளது. உலோகப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடங்களை மட்டும் லேசர் கதிரால் உருக்கி இறுகச் செய்து, அடுக்கின்மேல் அடுக்காகப் பொருளை எழுப்புவதே அம்முறை. இதனை முப்பரிமாண அச்சு என்பர். 2024ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனத்தார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய இராக்கெட்டின் எஞ்சின், இம்முறையில் ஒரே துண்டாக ஆக்கப்பட்டதாகும்.

இம்முறையில் மறைந்துள்ள இடர் ஒன்று உண்டு. சூடேறிய உலோகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். உருகிய மேலடுக்கு குளிர்கையில் சுருங்க முயல்கிறது. முன்னரே இறுகிய கீழடுக்கோ அதனைச் சுருங்கவொட்டாது பற்றிக்கொள்கிறது. ஆகவே மேலே இழுப்பும் அதன் கீழே நெருக்கமும் உண்டாகின்றன. பொருள் முழுதும் குளிர்ந்த பின்னும் இவ்விசை நீங்குவதில்லை. வெளியிலிருந்து எவரும் இழுக்காதபோதும் உள்ளே எஞ்சி நிற்பதால், இதற்கு எச்சத் தகைவு என்று பெயர். இஃது அளவு கடந்தால் பொருள் வளையும், அடித்தட்டினின்று பெயரும், வெடிப்பும் காணும். வெடிப்புற்ற உறுப்பு ஒன்று விமானத்தில் அமைந்துவிடின், பலர் உயிருக்கு ஊறு நேரலாம்.

இத்தகைவின் அளவு, பொறியை இயக்குவோர் வகுக்கும் முறைகளைப் பொறுத்தது. முதலாவது, சூடு. அடித்தட்டை முன்னரே சூடேற்றினால், மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையும், தகைவும் தணியும். எலக்ட்ரான் கதிரால் டைட்டானியக் கலவையை உருக்கும் பொறிகளில், பொடிப்படுகை 600 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாக வைக்கப்படுகிறது. ஆதலின் அங்கே எச்சத் தகைவு மிகக் குறைவு.

இரண்டாவது, கதிர் செல்லும் நெறி. நீண்ட கோடுகளாகச் செலுத்தினால், கோட்டின் நெடுக்கே இழுப்பு மிகும். பரப்பைச் சிறு கட்டங்களாகப் பகுத்துக் குறுங்கோடுகளாகச் செலுத்தினால் அது குறையும். அடுக்குதோறும் கோட்டின் திசையை 67 டிகிரி திருப்புவதும் வழக்கம். அதனால் இழுப்பு ஒரே திசையில் குவியாது.

மூன்றாவது, அடுக்கின் கனம். கனம் கூடினால் தகைவு பெரும்பாலும் குறையும். ஆயின் மேற்பரப்பு சொரசொரப்பாகும். கதிரின் ஆற்றலையும் வேகத்தையும்கூடத் தகைவு ஒன்றையே கருதி மாற்றலாகாது. ஆற்றல் குறைந்தால் பொடி முற்றும் உருகாது. மிகுந்தால் உலோகம் கொதிக்கும். இரண்டாலும் பொருளினுள் துளைகள் தோன்றும்.

இவ்வளவு பேணியும் தகைவு சிறிது எஞ்சவே செய்யும். ஆகவே, பொருளைத் தட்டினின்று அறுக்கும் முன்னர், தட்டோடு உலையிலிட்டுச் சூடேற்றி மெல்ல ஆற்றுவர். அவ்வாறு செய்யாது அறுத்தால், நேராக நின்ற பொருளும் வளைந்துவிடக்கூடும். வடிவம் செம்மையாக அமைந்த அளவிலே வேலை முடிந்ததெனக் கொள்ளலாகாது. உள்ளே உறையும் விசையையும் தணித்த பின்னரே அது முடிவுறும்.