ஆழ்கடல் உயிர்களுக்கு யார் கணக்கு?

சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரைக் கடலுக்கடியில் 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஆழ்கடல் இயக்கத்தின் ஒரு பகுதி இது. இயக்கத்தின் மதிப்பீடு 4,077 கோடி ரூபாய். இதுபற்றி வரும் செய்திகளில் நாட்டின் பெருமையும் கடலடிக் கனிமங்களின் மதிப்பும் விரிவாக இடம்பெறுகின்றன. அந்த ஆழத்தில் வாழும் உயிரினங்களைப் பற்றி ஓரிரு வரிகளுக்குமேல் காண்பதரிது.

உத்திரமேரூர் வட்டாரத்தில், காவாந்தண்டலத்தில் வாழும் எனக்கும் ஆழ்கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்தப் பகுதியின் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து வங்கக் கடலுக்குச் செல்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் ஏரிகளை நிரப்பும் மழை அதே கடலிலிருந்து வருகிறது. கரையில் வாழாதவர்களுக்கும் கடலில் உரிமை உண்டு. உரிமை இருப்பதால் கேள்வி கேட்கும் கடமையும் உண்டு.

ஆழ்கடலில் உயிர்களே இல்லை என்ற எண்ணம் ஒரு காலத்தில் அறிவியலிலேயே நிலவியது. ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிர் வாழ இயலாது என்று 1840-களில் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் கருதினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பலின் ஆய்வு அந்தக் கருத்தைத் தகர்த்தது. நம் கடல்களில் அதே பணியைச் செய்தது, பம்பாயில் கட்டப்பட்ட 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல். 1888-இல் அதில் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃபிரட் ஆல்காக், வங்கக் கடலின் ஆழத்திலிருந்து வலையில் வந்த மீன்களையும் நண்டுகளையும் இறால்களையும் ஒவ்வொன்றாக விவரித்துப் பதிவு செய்தார்.

ஆழ்கடலின் சூழல் கடுமையானது. சுமார் 200 மீட்டருக்குக் கீழே தாவரங்கள் உணவு தயாரிக்கப் போதிய வெளிச்சம் கிடையாது; 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி அறவே இல்லை. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ 600 கிலோ எடை அழுத்தும். மத்ஸ்யாவில் மனிதர்கள் அமரும் 2.1 மீட்டர் விட்டமுள்ள கோளத்துக்கு 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியக் கலவைச் சுவர் தேவைப்படுவது இதனால்தான்.

அதே ஆழத்தில் கூழ்போன்ற மென்மையான உடலுடன் மீன்கள் நீந்துகின்றன. மனிதரின் கலத்தினுள் காற்று இருக்கிறது. அது நசுங்காமல் காக்க வலிய சுவர் வேண்டும். ஆழ்கடல் மீன்களின் உடலோ பெரும்பகுதி நீர். நீர் எளிதில் சுருங்குவதில்லை. எனினும், அத்தகைய அழுத்தத்தில் உடலின் புரதங்கள் வடிவம் குலைந்துவிடும். அதைத் தடுக்க ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் மீன்களின் தசைகளில் நிறைந்திருக்கிறது. ஆழம் கூடக்கூட அதன் அளவும் கூடுகிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் இதைச் சிதைக்கும்போது எழுவதே கடல்மீனின் கவுச்சி. ஏரி மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு. இரண்டின் வாடையும் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் படம்பிடிக்கப்பட்டது. அதைவிடப் பெரிதும் ஆழத்தில் மீன்கள் வாழ இயலாது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

உணவு இன்னொரு சிக்கல். மேற்பரப்பில் மடியும் உயிர்களின் துணுக்குகளும் கழிவுகளும் மெல்ல விழுந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலான ஆழ்கடல் உயிரினங்கள் இறுதியில் அதை நம்பியே வாழ்கின்றன. இதற்கு விலக்கான ஓர் உலகம் 1977-இல் கலபகோஸ் தீவுகளுக்கு அருகே தெரியவந்தது. கடற்தரைப் பிளவுகளில் கொதிநீர் பீறிடும் ஊற்றுகளைச் சுற்றி, சூரிய ஒளியின்றி, நீரில் கரைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற பொருட்களிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்களை அடித்தளமாகக் கொண்டு உயிர்க்கூட்டங்கள் செழித்திருந்தன. 2024 டிசம்பரில் இந்திய விஞ்ஞானிகளும் இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இத்தகைய ஊற்று ஒன்றைப் படம்பிடித்தார்கள்.

இந்தியப் பெருங்கடலின் இத்தகைய ஊற்றுகளில் மட்டும் வாழும் நத்தை ஒன்று உண்டு. அதன் பாதத்தைச் செதில்கள் மூடியிருக்கும்; சில இடங்களில் அச்செதில்களில் இரும்பு சல்ஃபைடு படிந்து கவசம்போல் காணப்படும். 2001-இல் கண்டறியப்பட்ட இந்த நத்தை, 2019-இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்கத்தால் நேரக்கூடிய ஆபத்தைக் காரணமாகக் காட்டி அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் அதுவே. நாம் அறிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத ஓர் உயிர், அதற்குள் ஆபத்துப் பட்டியலுக்கு வந்துவிட்டது.

இந்தியாவின் அக்கறை முதன்மையாக வேறொரு வளத்தின் மீது இருக்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் கனிம ஆய்வு நடத்த, சர்வதேச கடற்படுகை ஆணையத்துடன் 2002-இல் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே உருளைக்கிழங்கு அளவிலான உலோக உருண்டைகள் சேற்றின் மீது பரவிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் அடங்கிய அவற்றின் மொத்த இருப்பு சுமார் 38 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. 2021-இல் 'வராஹா' என்ற சுரங்க எந்திரம் அப்படுகையில் 5,270 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டது.

அந்த உருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. மென்சேறு மட்டுமே நிறைந்த தரையில், கடற்பஞ்சுகளும் பவளங்களும் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் உறுதியான பிடிமானம் அவைதாம். உருண்டையை எடுத்தால் அவற்றின் குடியிருப்பும் உடன் போகிறது. எந்திரம் கிளப்பும் சேறு தொலைவில் உள்ள உயிர்களின் மீதும் படிகிறது. 1989-இல் பெரு நாட்டுக்கு அப்பால் விஞ்ஞானிகள் சோதனைக்காகக் கடற்தரையை உழுதார்கள். இருபத்தாறு ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தபோதும் அந்தத் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. இதேபோன்ற உருண்டைகள் நிறைந்த பசிபிக் பகுதி ஒன்றில், இருப்பதாக அறியப்பட்ட உயிரினங்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு இன்னும் அறிவியல் பெயர்கூட இல்லை என 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும் இந்தியா பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. மின்கலங்களுக்கு அவை தேவை. நிலத்தில் தோண்டும் சுரங்கங்களும் காடுகளையும் மக்களையும் அழிக்கவே செய்கின்றன. ஆழ்கடல் இயக்கத்தில் பல்லுயிர் ஆய்வுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. 1997-லேயே சுரங்கத்தின் பாதிப்பை அறிய அந்தப் படுகையில் இந்திய விஞ்ஞானிகள் சோதனை நடத்தினார்கள் என்பதும் பாராட்டத்தக்கது. ஆகவே ஆழ்கடல் ஆராய்ச்சியே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஆய்வு இன்னும் விரிவாக நடக்க வேண்டும். அது முடியுமுன் அள்ளத் தொடங்கக் கூடாது என்பதே என் வாதம்.

இதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காகப் புகழ்பெற்ற அவை, ஊரின் பொதுநீரை மேற்பார்க்கும் ஏரி வாரியத்தைப் பற்றியும் பேசுகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்பது அவற்றில் உள்ள விதி. பொதுச்சொத்தைக் கையாள்பவர் கணக்கொப்பிக்கக் கடமைப்பட்டவர் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் எழுதி வைத்தது.

நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகை மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான செல்வம் என்று 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. உருண்டைகளின் எடையை நாம் டன் கணக்கில் மதிப்பிட்டுவிட்டோம். அவற்றின் மீது வாழும் உயிரினங்கள் எவை, எத்தனை, வேறெங்கும் வாழ்கின்றனவா என்ற பட்டியலும் பொதுமக்கள் படிக்கத்தக்க வகையில், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியாக வேண்டும். அந்தப் பட்டியல் வெளிவந்து, சுயேச்சையான விஞ்ஞானிகளால் ஆராயப்படும்வரை, வணிகச் சுரங்கத்துக்கான உரிமத்தை இந்தியா கோராதிருப்பதே முறை.