தாண்டும் குதிரையும் தடுக்கும் வீரனும்

பழைய ஆங்கிலேய வேட்டைச் சித்திரங்களை வாசகர்களிற் பலர் நாட்காட்டிகளிலோ பிஸ்கற் பெட்டிகளின் மூடிகளிலோ கண்டிருத்தல் கூடும். செந்நிறச் சட்டை அணிந்த கனவான் ஒருவர், வேலியைத் தாண்டும் குதிரையின்மீது வீற்றிருப்பார். அவருடைய கால்கள் முன்னோக்கி நீட்டப்பட்டிருக்கும். முதுகு குதிரையின் வாற்புறத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். சில படங்களில் ஒரு கை ஆகாயத்தில் உயர்ந்தும் நிற்கும். காண்பதற்குக் கம்பீரமான காட்சிதான். ஆனால் நம் கண்கள் அக்கனவானை விட்டுக் குதிரையின் முகத்தை நாடுவது அரிது. கழுத்து மேனோக்கி இழுபட, வாய் பிளந்து நிற்கும் அப்பிராணியின் நிலையை எண்ணிப் பார்த்தால், அவர் தாண்டுவதற்கு உதவுகின்றாரா, தடுக்கின்றாரா என்ற ஐயம் எழும்.

இவ்விருக்கை அறியாமையால் நேர்ந்த பிழையன்று. ஐரோப்பாவின் குதிரைப்படைப் பள்ளிகள் பல தலைமுறைகளாக இதனையே கற்பித்து வந்தன. அதற்கொரு நியாயமும் கூறப்பட்டது. குதிரையின் முன்னங்கால்கள் மெலிந்தவை. உயரத்திலிருந்து வீழும் பாரத்தை அவை தாங்கமாட்டா. ஆகையால் வீரன் பின்னே சாய்ந்து, கடிவாள வாரை இழுத்துத் தலையை உயர்த்திப் பிடித்தால், குதிரை வலிய பின்னங்கால்களில் முதலில் இறங்கும் என்று நம்பினர். வீரனும் முன்னே தூக்கி எறியப்படமாட்டான். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும் இந்நியாயத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. எந்தக் குதிரையும் அவ்வாறு இறங்குவதில்லை.

இதனை அழுத்தமாக எடுத்துரைத்தவர் பெடெரிக்கோ கப்பிரில்லி என்னும் இத்தாலியப் படையதிகாரி. 1868 ஆம் ஆண்டு லிவோர்னோ நகரிற் பிறந்த இவர், பினரோலோவிலிருந்த குதிரைப்படைப் பள்ளியிற் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியருமானவர். இவர் செய்த முதற்காரியம் மிக எளியது. சேணமும் வீரனும் இல்லாத குதிரைகளை வேலிகளைத் தாண்டவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்த்தார். அக்காலம் புகைப்படக் கலையும் ஓடும் விலங்கின் அசைவைப் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம். 1878 இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் எடுத்த படவரிசை, ஓடும் குதிரையின் கால்களைப் பற்றி ஓவியர்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த எண்ணமே தவறென்று காட்டிவிட்டது.

கப்பிரில்லி கண்டது இது. தாண்டப் போகும் குதிரை முதலிற் கழுத்தைத் தாழ்த்தி நீட்டுகின்றது. வேலியின் அடியில் தலையை உயர்த்தி முன்னங்கால்களை எடுக்கின்றது. பின்னங்கால்கள் இரண்டும் உடலின் கீழே ஊன்றி, ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையை வில்லினின்று விடுபட்ட அம்புபோல் உந்துகின்றன. வானிலிருக்கும்போது கழுத்து மறுபடியும் முன்னும் கீழுமாக நீள, முதுகு வளைகின்றது. இறங்கும்போது ஒரு முன்னங்கால், அடுத்து மற்றைய முன்னங்கால், அதன்பின்னரே பின்னங்கால்கள் நிலத்தைத் தொடுகின்றன. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தனுக்குக் கையிலுள்ள கோல் எப்படியோ, அப்படியே குதிரைக்கு அதன் கழுத்து. அக்கழுத்து நீள வேண்டிய கணத்தில் வாரை இழுத்துப் பிடிப்பவன், கழைக்கூத்தனின் கோலைப் பறிப்பவனாகின்றான்.

அன்றியும், கடிவாள இரும்பு தங்குமிடம் எது? குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்று ஈறு உண்டு. இரும்பு அதன்மேலேயே கிடக்கின்றது. பின்னே சாய்ந்த மனிதனின் எடை முழுவதும் அவ்வீற்றில் வந்து இழுத்தால் வலி எத்தகையதாயிருக்கும்! வேலி தோறும் இவ்வலியை அனுபவித்த குதிரை, அடுத்த வேலியைக் கண்டதும் மறித்து நின்றால் அதனை முரடு என்றார்கள், சவுக்கால் அடித்தார்கள். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு இவ்விடத்தைப் படிக்கும்போது சிறிது கூச்சம் ஏற்படுவதை மறைக்கமாட்டேன்.

கப்பிரில்லி வகுத்த இருக்கையில் அங்கவடிகளின் வார் குறுக்கப்பட்டது. முழங்கால் மடிந்து, எடை குதிகாலை நோக்கி இறங்கிற்று. வீரன் சேணத்தினின்று சற்றே எழுந்து, இடுப்பிலே மடிந்து முன்சாய்ந்தான். கைகள் குதிரையின் வாய் போகும் திசையிற் கூடவே சென்றன. குதிரையைத் தன் விருப்பத்துக்கு வளைப்பதை விடுத்து, அதன் இயல்பான அசைவுக்கு வீரன் இணங்குதல் வேண்டும் என்பதே அவருடைய கோட்பாடு. நம் மாணவர்களுக்கு இதனை விளக்கக் குதிரை தேவையில்லை. குன்றும் குழியுமான ஒழுங்கையிலே துவிச்சக்கரவண்டி ஓட்டும் சிறுவனைப் பாருங்கள். பள்ளம் வந்ததும் ஆசனத்தினின்று எழுந்து மிதிகட்டைகளில் நிற்கின்றான். முழங்காலும் கணுக்காலும் அதிர்ச்சியை விழுங்கிவிடுகின்றன. எவரும் அவனுக்கு அதைக் கற்பித்ததில்லை.

மேலதிகாரிகள் இப்புதுமையை உடனே வரவேற்றுவிடவில்லை. ஆயினும் அளவுகோல் பொய் சொல்லாது. 1900 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த குதிரை உயரப் பாய்ச்சலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இருவர் தாண்டிய உயரம் 1.85 மீற்றர். 1902 இல் தூரின் நகரிலே கப்பிரில்லி, மெலோப்போ என்ற குதிரையில் 2.08 மீற்றரைத் தாண்டினார். அதன்பின் பிறநாட்டு அதிகாரிகள் பினரோலோவுக்கும், உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள தோர் தி குவிந்தோவுக்கும் மாணவராய் வந்தனர். அவ்வாறு கற்றவர்களுள் ஒருவரான ருசிய அதிகாரி ரொட்சியாங்கோ, 1928 முதல் அயர்லாந்துப் படையின் வீரர்களைப் பயிற்றினார். கப்பிரில்லியோ இவற்றையெல்லாம் காண இருக்கவில்லை. 1907 டிசம்பரில், தமது 39 ஆம் வயதில், தூரினிலே குதிரையினின்று வீழ்ந்து மாண்டார். எழுதி வைத்தது மிகச் சிலவே. அவருடைய நூல் அவருடைய மாணவர்கள்தாம்.

இன்று உலகெங்கும் தாண்டற் பயிற்சியில் இம்முன்சாய்ந்த இருக்கையே அடிப்படை. ஆனால் 'முன்னே சாய்' என்ற இரு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் புதிய பிழைகளை உண்டாக்கிவிட்டனர். குதிரை எழுமுன்னரே கழுத்தின்மேற் பாய்ந்து விழுவோர் பலர். இதனால் முன்னங்கால்கள் எழவேண்டிய வேளையில் அவற்றின்மேற் பாரம் ஏறுகின்றது. குதிரை நின்றுவிட்டால் வீரன் மட்டும் வேலியைத் தாண்டுவான். உண்மையில் வீரன் வலிந்து சாயவேண்டியதே இல்லை. எழும் குதிரையின் முதுகு அவனை நோக்கி வருகின்றது. அவன் இடுப்பு மடிய இடங்கொடுத்தாற் போதும்.

இன்னொரு பிழை முழங்காலால் இறுகப் பற்றுதல். துணி உலர்த்தும் கொடியிற் செருகிய கவ்வியைப்போல் முழங்கால் ஒரே இடத்தில் இறுகிவிட்டால், அதற்குக் கீழுள்ள கால் பின்னே ஊசலாடும். உடல் அச்சிற் சுழல்வதுபோல் முன்னே கவிழும். அனுபவமுள்ள ஆசிரியர் மாணவனின் கையையோ தோளையோ பாராமல் முதலில் அவன் கெண்டைக்காலைப் பார்ப்பது இதனாலேயே. அஃது அசையாது குதிரையின் விலாவோடு பொருந்தியிருந்தால், மேலுள்ள பல குறைகள் தாமே தீரும். கண்ணையும் சொல்லவேண்டும். வேலியைக் குனிந்து பார்ப்பவனின் தலை, அதுவே ஏறத்தாழ 5 கிலோகிராம், ஒரு பக்கமாகத் தொங்கிச் சமநிலையைக் கெடுக்கும். பார்வை அடுத்த வேலியில் இருத்தல் வேண்டும்.

இவற்றைத் திருத்துவதற்கு உயர்ந்த வேலிகளை நாடுதல் பேதைமை. சேணத்தினின்று எழுந்த அந்நிலையிலேயே முதலில் நடையிலும், பின் மெல்லோட்டத்திலும், மேட்டுநிலம் ஏறும்போதும் நெடுநேரம் நிற்கப் பழகுகின்றனர். கால் நோகும், நோகத்தான் வேண்டும். அடுத்து, ஏறத்தாழ 1.3 மீற்றர் இடைவெளியில் தரையிற் கிடத்திய கழிகளின்மேல் மெல்லோட்டம். பின்னர்ச் சிறு வேலிகளை வரிசையாக நாட்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டவிடுகின்றனர். தூரம் முன்னரே அளந்து வைக்கப்பட்டிருப்பதால் எப்போது எழவேண்டும் என்பதைக் குதிரையே தீர்மானிக்கும்; மாணவனுக்குத் தன் உடலைக் கவனிக்க ஓய்வு கிடைக்கும். இருக்கை உறுதிப்பட்டபின் வாரை முடிந்துவிட்டு, கைகளைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அவ்வரிசையைத் தாண்டச் சொல்வதும் உண்டு. கடிவாளத்திலே தொங்கிச் சமநிலை காத்தவன் எவன் என்பது அப்போது வெளியாகிவிடும்.

வலிமை மிக்கோர்க்கே உரிய கலை இதுவென்று யாரேனும் கருதினால், 1956 இல் ஸ்டொக்கோமில் நடந்த ஒலிம்பிக் குதிரைப் போட்டிகளை நினைவூட்டலாம். தாண்டற் போட்டியிற் பெண்கள் முதன்முதலாக இறங்கியது அவ்வாண்டிலேதான். பற் சிமித் என்னும் ஆங்கிலப் பெண்மணி இடம்பெற்ற பிரித்தானியக் குழு வெண்கலப் பதக்கம் பெற்றது. இன்றும் இப்போட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பிரிவு கிடையாது.

பழைய முறைக்கும் ஓரிடம் எஞ்சியுள்ளது என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. லிவர்பூல் அருகே நடைபெறும் கிறாண்ட் நாஷனல் பந்தயத்தில், பெச்சர்ஸ் புரூக் என்ற வேலியின் மறுபுறத் தரை எதிர்ப்புறத் தரையினும் தாழ்ந்தது. அங்கே இறங்கும் கணத்திற் பந்தய வீரர்கள் பின்னே சாய்வதை இன்றும் காணலாம். ஆனால் அவர்கள் வாரை விரல்களினூடே நழுவவிட்டு, குதிரையின் கழுத்துக்கு வேண்டிய நீளத்தைக் கொடுத்துவிடுகின்றனர். பிஸ்கற் பெட்டிக் கனவானிடம் இல்லாதது அவ்வொன்றுதான்.

புதிதாகத் தாண்டக் கற்போர்க்கு ஆசிரியர்கள் தரும் உபாயம் ஒன்றுண்டு. வேலியை அணுகும்போது குதிரையின் பிடரிமயிரில் ஒரு கொத்தை வாரோடு சேர்த்துப் பற்றிக்கொள்ளச் சொல்வார்கள். தடுமாறினாலும் இழுபடுவது மயிரே, வாய் தப்பிவிடும். இதனை அவமானமாக எண்ணி மறுக்கும் மாணவர் உண்டு. பல்லாண்டு தேர்ச்சி பெற்றவர்களோ, பழகாத இளங்குதிரையை முதன்முறை தாண்டவிடும்போது, அதன் கழுத்திலே தோல்வார் ஒன்றைக் கட்டி, அதனைத் தாமே பற்றிக்கொண்டு செல்கின்றனர்.