லினக்ஸில் பிஎச்பி: ஒரு மொழிக்கு ஏன் இத்தனை பேக்கேஜ்?

விண்டோஸில் செட்அப் பைலை இரண்டு முறை கிளிக் செய்தால் வேலை முடிந்தது. லினக்ஸில் பிஎச்பி மொழியை இன்ஸ்டால் செய்ய முயன்றால் பிஎச்பி-சிஎல்ஐ, பிஎச்பி-மைஎஸ்க்யூஎல், லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி என்று ஒரு பட்டியலே வந்து நிற்கும். புதியவர்கள் இங்கேதான் மிரண்டுவிடுகிறார்கள்.

பீளமேடு பக்கத்துக்காரர்களுக்கு இதை மோட்டார் பம்பை வைத்துச் சொல்லலாம். பவுண்டரியில் வார்ப்பு வாங்கி, லேத்தில் கடைந்து, காயில் கட்டி, பேரிங் தேடிப் போட்டு நாமே பம்ப் செய்யலாம். கடையில் பெட்டியோடு வாங்கியும் மாட்டலாம். சோர்ஸ் கோடு வார்ப்பு. பேக்கேஜ் என்பது பெட்டியில் வரும் பம்ப். அதற்குள் எந்த பைல் எந்த போல்டருக்குப் போக வேண்டும், கூட வேறு என்னென்ன பேக்கேஜ் தேவை என்ற குறிப்பும் இருக்கும். சினாப்டிக் போன்ற புரோகிராம் அதைப் படித்து, தேவையானவற்றைத் தானே கொண்டு வந்துவிடும்.

சரி, ஏன் துண்டு துண்டாக? பிஎச்பியை இரண்டு விதமாக இயக்கலாம். கட்டளை விண்டோவில் இயக்க சிஎல்ஐ போதும். பிரவுசரில் பக்கமாக வர வேண்டும் என்றால், அப்பாச்சி வெப் சர்வருக்கு பிஎச்பி புரிய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மாட்யூல்தான் லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி. இது இல்லாவிட்டால் அப்பாச்சி உங்கள் பைலை இயக்காமல், உள்ளே எழுதியதை அப்படியே பிரவுசருக்கு அனுப்பிவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அதில் எழுதியிருந்தால் அதுவும் வெளியே தெரியும். எனவே கம்ப்யூட்டரை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் முன் இதைச் சோதித்திடுங்கள்.

தமிழில் வெப்சைட் அமைப்பவர்கள் எம்பிஸ்ட்ரிங், இன்ட்எல் ஆகிய இரண்டையும் தேடிச் சேர்க்க வேண்டும். டெபியனில் இவை தனி பேக்கேஜ்கள். 'கோவை' என்ற சொல்லின் நீளத்தைச் சாதாரண பிஎச்பியிடம் கேட்டால் 12 என்கும். அது பைட் கணக்கு. எம்பிஸ்ட்ரிங் 4 என்று சொல்லும். நாம் எண்ணுவது போல 2 என்று சொல்வது இன்ட்எல்.

மாட்யூலும் மொழியும் ஒரே பதிப்பாக இருப்பது அவசியம். பிஎச்பி 8.2-க்கு 20220829 என்று ஓர் உள் எண் உண்டு, 8.4-க்கு 20240924. எண் பொருந்தாத மாட்யூலை பிஎச்பி ஏற்காது. ஒரு அளவு ஷாப்டில் வேறு அளவு பேரிங் ஏறாதல்லவா, அது போலத்தான். டெபியன் பேக்கேஜ்களில் இந்த எண்ணும் குறிப்பில் பதிவாகியிருப்பதால், பொருந்தாத ஜோடி இன்ஸ்டால் ஆவதற்கு முன்பே தடுக்கப்படும். எங்கிருந்தோ டவுண்லோட் செய்த மாட்யூலை நீங்களே காப்பி செய்தால் இந்தக் காவல் கிடையாது.

2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் பிஎச்பி 8.2 இருந்தது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 8.4. "புதுசு இருக்கும்போது பழையது எதற்கு?" என்று தோன்றும். டெபியன் குழுவினர் 8.2, 8.4 என்ற பதிப்பு வரிசையை மாற்றாமல் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தருகிறார்கள். வழக்கமான அப்டேட்டில் அது வந்துவிடும். சோர்ஸிலிருந்து நீங்களே கம்பைல் செய்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் மறுபடி கம்பைல் செய்திட வேண்டும். பழகுவதற்குச் சரி, தினசரி உபயோகத்திற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து பிறந்ததுதான். எனவே அதிலும் பேக்கேஜ் முறை இதேதான்.

கடைசியாக, பலரைக் குழப்பும் ஒன்று. டெபியனில் பிஎச்பி.ஐஎன்ஐ என்ற செட்டிங் பைல் சிஎல்ஐ போல்டரில் ஒன்று, அப்பாச்சி2 போல்டரில் ஒன்று என இரண்டு இருக்கும். முதலாவதை எவ்வளவு மாற்றினாலும் பிரவுசரில் எதுவும் மாறாது. அப்பாச்சி2-ல் உள்ளதை மாற்றி, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்திடுங்கள்.