நாளைய வரியில் இன்றைய கட்டடம்

சங்கத்தின் பெயரில் கடன் வாங்கிப் புதிய கிடங்கு கட்டலாமா என்ற தீர்மானம் மகாசபைக்கு வரும்போது, நம் அங்கத்தினர்கள் முதலில் கேட்பது, கிடங்கினால் வரும் வருமானம் கடனை அடைக்குமா என்பதே. இதே கேள்வியைப் பன்மடங்கு பெரிய அளவில் ஒரு நகர சபை எங்ஙனம் ஆராய்கிறது என்பதை அறிய, அமெரிக்காவில் ஆரெகன் ராஜ்யத்தைச் சேர்ந்த போர்ட்லண்டு நகரின் வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்க மத்திய சர்க்கார் 1949-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தை இயற்றியது. சீர்கெட்ட பகுதிகளை நகரங்கள் விலைக்கு வாங்கி, இடித்துச் சமன் செய்து, புதிதாகக் கட்டுவோருக்கு விற்கலாம். அதில் ஏற்படும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய சர்க்கார் ஏற்கும் என்பது ஏற்பாடு. போர்ட்லண்டு வாக்காளர்கள் 1958-இல் இதற்கென ஓர் அபிவிருத்திக் கமிஷனை அமைக்க இசைந்தனர். நகர மையத்தின் தென்புறத்தில் யூதரும் இத்தாலியரும் வாழ்ந்த பழைய தெருக்கள் முதலில் இடிபட்டன. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் வெளியேறினர். ‘சீர்கெட்ட பகுதி’ என்பது சட்டத்தின் சொல். அங்கே குடியிருந்தவர்கள் தம் தெருவை அப்படி அழைத்திருக்க மாட்டார்கள்.

பிற்காலத்தில் மத்திய சர்க்காரின் உதவி சுருங்கவே, நகரம் தன் வரியையே நாடியது. அம்முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம். ஒரு வட்டாரத்தின் வரி மதிப்பு 100 கோடி டாலர் என்று கொள்வோம். அதைப் புனர்நிர்மாண வட்டாரம் என்று நகர சபை அறிவித்த நாளில் அம்மதிப்பு அப்படியே நிறுத்தி வைக்கப்படுகிறது. நகரம், ஜில்லா, பள்ளிகள் யாவும் அந்த 100 கோடிக்குரிய வரியை மட்டும் தொடர்ந்து பெறும். அதற்கு மேல் உயரும் மதிப்பின் வரி, வட்டாரத்தின் திட்டங்களுக்குச் சேரும். வரப்போகும் அவ்வருமானத்தை ஈடாகக் காட்டி இன்றே கடன் பத்திரங்கள் வெளியிட்டுச் சாலையும் பூங்காவும் அமைக்கிறார்கள்.

உயர்வு முழுவதும் திட்டத்தால் விளைந்தது என்றால் எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படித்தானா? ஆரெகனில் 1997 முதல் ஒரு சொத்தின் வரி மதிப்பு பொதுவாக ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வரை உயரலாம். பெரும்பாலும் அவ்வாறே உயர்ந்தும் வருகிறது. வட்டிக்கு வட்டி போல் கணக்கிட்டால், ஒரு செங்கல்லும் புதிதாக வைக்காமலே நமது 100 கோடி இருபது ஆண்டுகளில் 180 கோடியாகிவிடும்! அந்த 80 கோடிக்குரிய வரியை, திட்டமின்றியே வந்திருக்கக் கூடியதை, மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். பள்ளிகளின் குறைவை ராஜ்யத்தின் கல்வி நிதிப் பங்கீடு பெரிதும் ஈடு செய்கிறது. எனினும் அச்சுமை ராஜ்யம் முழுவதன் தலையில் ஏறுகிறது. ஜில்லாவுக்கோ அத்தகைய ஈடு இல்லை. இக்காரணம் பற்றியே, 50,000 மக்களுக்கு மேற்பட்ட நகரங்கள் தம் நிலப்பரப்பிலும் வரி மதிப்பிலும் நூற்றுக்கு 15-க்கு மேல் இவ்வட்டாரங்களில் அடக்கலாகாது என்று ஆரெகன் சட்டம் வரம்பு கட்டியுள்ளது.

முறை பலன் தந்ததும் உண்டு. நகர மையத்துக்கு வடக்கே ரயில் பாதைகளும் பாழ்பட்ட கிடங்குகளும் கிடந்த இடம், 1998-இல் அமைந்த வட்டாரத்தின் உதவியோடு, 2001-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டியோடு, இன்று பெர்ல் வட்டாரம் என்ற செல்வமிக்க குடியிருப்பாகத் திகழ்கிறது. செல்வமிக்கது என்பதிலேயே சங்கடமும் அடங்கியிருந்தது. ஆகவே 2006-இல் நகர சபை இந்நிதியில் நூற்றுக்கு 30 பங்கைக் குறைந்த வருமானத்தாரின் வீடுகளுக்கு ஒதுக்கியது. 2015-இல் அதை 45 ஆக உயர்த்தியது. புதிய வட்டாரங்களை 2024-இல் ஏற்றபோது, ஆறில் மூன்றை நகர மையத்திலும் அதையொட்டியும் அமைத்து, மூன்றை நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட கிழக்குப் பகுதிக்கு அளித்தது. எங்கள் கருத்தில், டிராமை விட இந்த ஒதுக்கீடே போர்ட்லண்டு கற்றுக்கொண்ட பெரிய பாடம்.

அப்பாடம் அல்பினா என்ற பகுதியில் பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்டது. எமானுவேல் மருத்துவமனையை விரிவாக்கும் பொருட்டு 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 300 வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பினக் குடும்பங்களுடையவை. இடித்து முடிந்த பின் மத்திய சர்க்காரின் பணம் நின்றது, கட்டடம் எழவில்லை, நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. குடும்பத்தாரின் வழித்தோன்றல்கள் 26 பேர் வழக்காடினர். அவர்களுக்கு 85 லட்சம் டாலர் வழங்க நகர சபை 2025 ஜூன் மாதத்தில் ஒருமனதாக இசைந்தது.