அணுவின் ஆடரங்கு – 7: கட்டையில் அடுக்கிய குச்சிகள்

விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் ஊரார் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று வழங்கும் கூடங்களுள், இன்னும் கைத்தொழிலாகவே நடைபெறுவது ஒன்றில் நுழைந்து பார்ப்பவர், பள்ளம் வெட்டிய மெல்லிய மரச்சட்டங்களில் பெண்கள் குச்சிகளை வரிசை வரிசையாகப் பதித்து, சட்டத்தின்மேல் சட்டமாக ஏற்றி இறுக்குவதைக் காணலாம். ‘கட்டை அடுக்குவது’ என்று அதற்குப் பெயர். குச்சியின் உடல் அசையாது நிற்க, நுனி மாத்திரம் மெழுகிலும் பின்னர் மருந்திலும் தோய்ந்து எழுகிறது; மருந்து உலர்ந்தபின் கட்டையைப் பிரித்துக் குச்சிகளை உதிர்த்துவிடுகிறார்கள். புரதம் அசைவதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கத் தொடங்குமுன், அதன் அணுக்களுக்கும் ஏறக்குறைய இதே உபசாரந்தான் நடைபெறுகிறது.

எக்ஸ்-கதிர் ஆராய்ச்சியால் தெரியவந்த புரத வடிவத்தைக் கற்பனைப் பெட்டியொன்றில் வைத்து, சுற்றிலும் ஆயிரக்கணக்கான நீர் மூலக்கூறுகளை நிரப்புகிறோம். நிரப்பிய நீர் புரதத்தோடு இன்னும் பழகவில்லை. வழக்கமாகக் கையாளும் சூத்திரப்படி, இரண்டு அணுக்களிடையே தூரம் பாதியாகும்போது விலக்கத்தின் ஆற்றல் 4096 மடங்காகிவிடுமாதலால், நெருக்கடியான அந்நிலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டால் அணுக்கள் திசைக்கொன்றாகச் சிதறும். இத்துறையினர் அதற்குச் சொல்வதும் ‘வெடித்துவிட்டது’ என்பதுதான். மருந்தும் திரியுமில்லாத இவ்வெடியைக் கேட்டால் சிவகாசிக்காரர் நகைப்பர். ஆகவே முதலில் மோதல்களைத் தணித்துவிட்டு, ஹைட்ரஜன் நீங்கலான புரத அணுக்களை அவற்றின் ஸ்தானத்தில் பிடித்துக்கொண்டு, நீரை மாத்திரம் ஓடி அமரவிடுகிறோம்.

பிடிப்பதில் இருவகை உண்டு. அணுவை அறவே சிலையாக்கிவிடுவது ஒன்று. இது சுலபமானது, ஆனால் அச்சிலைமீது மோதும் நீர் கொண்டுவந்த உந்தம் போன இடம் தெரியாமற்போவதோடு, அழுத்தக் கணக்கும் பிழைபடுகிறது. மற்றொன்று, ஒவ்வோர் அணுவையும் அதன் பழைய ஸ்தானத்தோடு ஒரு வில்சுருளால் பிணைப்பது. ஒரு மோலுக்கு, நானோமீட்டர் வர்க்கத்துக்கு 1000 கிலோஜூல் என்பது அச்சுருளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் விறைப்பு, அப்படியானால் 0.1 நானோமீட்டர் விலகும் அணு, மோலுக்கு 5 கிலோஜூல், அதாவது அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைப்போல் இரு மடங்கு, தண்டம் கட்ட வேண்டும். நடுங்கலாம், ஓடிவிட முடியாது. தவிர்க்கவொண்ணாத காரணமிருந்தாலன்றிச் சிலையாக்குதலை நான் சிபாரிசு செய்யேன். பிணைப்பின் நீளத்தைக் கட்டுவது வேறொரு வித்தை. அதைப் பின்னர் பார்ப்போம்.

எதைப் பிடிப்பது, எதை விடுவது என்னும் விவேகத்துக்கு மகத்தான உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும், பெப்டைடுப் பிணைப்பின் அணுக்களை ஒரே தளத்தில் நிறுத்தி, பிணைப்பு நீளங்களையும் கோணங்களையும் மாறாதவையாகக் கொண்டு, அணுக்களைக் கடினமான கோளங்களாகப் பாவித்து, இரண்டே இரண்டு திருகுகோணங்களை மாத்திரம் சுழலவிட்டார்கள். எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எவற்றில் முட்டா என்று காட்டும் படம் 1963இல் அவ்வாறுதான் பிறந்தது.

கணினியிலோ, வில்சுருளின் விறைப்பை 1000, 500, 100 என்று படிப்படியாகத் தளர்த்திக் கடைசியில் பூஜ்யமாக்குகிறோம். கட்டவிழ்ந்த புரதம் தானாக அசையத் தொடங்கியபின், அதன் கோணங்களை எடுத்து அதே ராமச்சந்திரன் படத்தின்மேல் புள்ளிகளாக இட்டு, அவற்றுள் எத்தனை விலக்கப்பட்ட பிரதேசத்தில் விழுந்தன என்று எண்ணுகிறோம்.